ஐந்து பங்கு வீடும் என் பத்தாம் வகுப்பும்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் போன மாதம் ஒரு பேச்சு வந்தது. கட்டட வேலைக்கு வந்திருக்கும் வெளியூர்க் குடும்பம் ஒன்று தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்து வெளியே நின்றுகொண்டிருந்தது. "பஞ்சம் பொழைக்க வந்ததுக. நாலு மாசத்துல மூட்டையைக் கட்டிரும். இதுகளுக்கு எதுக்கு அட்மிஷன்?" என்றார் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். "நானும் பஞ்சம் பொழைக்க வந்தவதான் சார். என் மூட்டை எங்க இருக்குன்னு காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அட்மிஷன் பாரத்தைத் தேட ஆரம்பித்தார். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே இடம் கிடைத்தது.

நான் சொன்னது வாய்ச்சவடால் இல்லை. ராமநாதபுரத்தையும் தாண்டி, மண்ணைத் தோண்டினால் உப்புத் தண்ணீர் வரும் ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மிளகாய்க் காடு. மழை மூன்று வருடம் தொடர்ந்து ஏமாற்றியது. முதல் வருடம் ஆடுகளை விற்றோம். இரண்டாம் வருடம் அப்பா கேரளாவுக்குத் தார் ரோடு வேலைக்குப் போய் மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தார். மூன்றாம் வருடம் குடும்பத்தோடு மதுரைக்குப் போனோம். கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மாடியில், சன்னல் வைக்காத அறையில் இரண்டு மாதம் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சுமந்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைச் சிமெண்ட் மூட்டை மேல் வைத்துப் படித்தபடி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டேன். வீட்டு வேலை முடிந்தது. எங்கள் வேலையும் முடிந்தது. ஊருக்குத் திரும்பி, முழுப் பரீட்சையை மட்டும் எப்படியோ எழுதி ஒப்பேற்றினேன்.

அப்போதுதான் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். காரைக்குடி பக்கம் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவலுக்கு ஆள் வேண்டுமாம். குடும்பமாக இருப்பவர்கள்தான் வேண்டுமாம். தங்க அறை உண்டு, கூட்டித் துடைத்துப் பூட்டித் திறந்தால் போதும். அப்பா இரண்டு நாள் பேசவே இல்லை. சொந்தக் காட்டில் மண்வெட்டி பிடித்தவருக்கு அடுத்தவர் வீட்டில் விளக்குமாறு பிடிப்பது லேசான காரியமா? மூன்றாம் நாள், "புள்ள பத்தாவது போகணும்ல, கிளம்பு" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா தன் நான்கு பிளாஸ்டிக் குடங்களையும் எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் ஊர்ப் பெண்களின் பாதி ஆயுள், தள்ளுவண்டியில் குடங்களை வைத்து நல்ல தண்ணீர் தேடிப் போவதிலேயே கழியும். பஸ்ஸில் கண்டக்டர் கடுப்பாகிவிட்டார்.

"ஏம்மா, போற ஊர்ல குடமே கிடைக்காதா?"

"குடம் கிடைக்கும் தம்பி. தண்ணி கிடைக்குமான்னு யாரு கண்டா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. காரைக்குடி வரும்வரை அந்தக் குடங்கள் எங்களுடையவை இல்லை என்பது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது. கல்யாணம் காட்சி என்றால்தான் ஆள் வரும், மற்ற நாளில் புறாதான் குடியிருக்கும். எங்களைப் பின்கட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்கச் சொன்னவர் அந்த வீட்டு ஆச்சி. அறுபது வயதை ஒட்டியவர், சென்னையில் மகனோடு இருப்பவர். அன்று சாவியைக் கொடுப்பதற்காகவே வந்திருந்தார்.

"இந்த வீடு அஞ்சு பங்கு. நாங்க ஒரு பங்கு. மத்த நாலு பங்காளிகளும் நாலு ஊர்ல இருக்காக. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டு, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க" என்றார்.

பிறகு சாமான் அறையைத் திறந்து காட்டினார். அம்மா வாயைப் பிளந்துவிட்டாள். பித்தளை அண்டாக்கள், கிடாரங்கள், குத்துவிளக்குகள், தேக்சாக்கள். சுவரோரமாக ஐந்து வரிசை, பங்குக்கு ஒரு வரிசை. ஆச்சியின் வரிசையில் முதலாவதாக ஒரு வெண்கல உருளி இருந்தது. என் தங்கச்சி அதில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும், அவ்வளவு பெரியது.

"இது எங்க மாமியா எனக்குன்னு குடுத்தது. எங்க ஓரகத்தி ஒருத்தி இருக்கா, கடைசிப் பங்கு. தனக்குக் குடுத்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா. பத்து வருசமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. அவ வந்து கேட்டா தொட விடாதீக" என்றார் ஆச்சி. ஓர் உருளிக்காகப் பத்து வருடம் பேசாமல் இருப்பார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என்னை முறைத்தாள்.

மறுநாள் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனார். தலைமை ஆசிரியை என் பழைய வருகைப் பதிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருசம் மாதிரி நடுவுல காணாமப் போனா நான் பொறுப்பில்ல. வருகை இல்லேன்னா ஹால் டிக்கெட் கிடையாது. மார்ச் வரைக்கும் இந்த ஊர்ல இருப்பீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "இருப்போம்மா" என்றார் அப்பா, கொஞ்சமும் யோசிக்காமல். அந்த ஊரில் எங்களுக்கு வேறு நாதி கிடையாது. காவல் வேலை போனால் அறை போகும், அறை போனால் வேலை கிடைக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும், என் பத்தாம் வகுப்பும் கிளம்பிவிடும். மார்ச் வரை அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். அதுதான் எங்கள் நான்கு பேருக்கும் அந்த வருடத்தின் ஒரே வேலை.

அப்பா விடியும்போதே எழுந்து முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கூட்டுவார். முதல் வாரம் யார் கண்ணிலும் படாமல் கூட்டினார். இரண்டாம் வாரத்திலிருந்து வாசல் கதவை விரியத் திறந்துவைத்துக் கூட்டினார். ஊரிலிருந்து வந்த ஒரு மாமா, "என்ன மச்சான், பெரிய வீட்டுல என்ன உத்தியோகம்?" என்று கிண்டலாகக் கேட்டபோது, "கூட்டுறேன். நீயும் கூடமாட ஒரு விளக்குமாத்தை எடு" என்றார். என் அப்பாவை நினைத்து நான் முதன்முதலாகப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசியில் மழை வந்தது.

அந்த வீட்டின் நடுவில் வளவு என்கிற பெரிய முற்றம். நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் அதற்குள் சரியும். மழை பிடித்ததும் நாலு பக்கமும் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கி, ஒரு மூலையில் இருந்த துவாரம் வழியாக வெளியே ஓடியது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அய்யோ, போகுதே! நல்ல தண்ணி போகுதே!" என்று, ஏதோ பிள்ளையை ஆறு அடித்துக்கொண்டு போவது போலப் பதறினாள். முதலில் எங்கள் நான்கு குடங்களையும் வைத்தாள். ஒரு நிமிடத்தில் நிரம்பிவிட்டன. சோற்றுப் பானையை வைத்தாள். தங்கச்சியின் குளிக்கும் வாளியை வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள்.

"வேண்டாம் புள்ள, ஆச்சி வைவாக" என்றார் அப்பா. ஒரு தடவைதான் சொன்னார். அடுத்த நிமிடம் அவரே ஒரு கிடாரத்தின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஆள் வேறு என்ன செய்வார்? நானும் தூக்கினேன். மூன்று நாள் மழை, மூன்று நாளும் தூக்கினோம். ஐந்து வரிசையும் காலியாகி, வளவு முழுக்கப் பித்தளையும் வெண்கலமுமாகத் தண்ணீர் தளும்பி நின்றது. அம்மா பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் மூடி கட்டினாள். இவ்வளவு தண்ணீருக்குச் சொந்தக்காரியாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை. குழாய், கிணறு எல்லாம் அந்த வீட்டிலேயே இருந்தது என்பது வேறு விஷயம்.

எட்டாம் நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் ஆச்சியின் கார் வந்து நின்றது. தை மாதம் மகனுக்குக் கல்யாணம், வீட்டைப் பார்த்துப் போக வந்திருக்கிறார். வளவுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன கூத்து இது? யாரைக் கேட்டு எடுத்தீக?"

அப்பா கையைப் பிசைந்தார். அம்மாதான் பேசினாள். "மழைத்தண்ணி ஆச்சி. அம்புட்டும் அந்த ஓட்டை வழியா வீணாப் போயிக்கிட்டு இருந்துச்சு. மனசு கேக்கலை."

"வீணாப் போகுதா? அடி கூறுகெட்டவளே, அது ஊருணிக்குப் போகுதுடி! ஊரே குடிக்கிறதுக்குத்தான அந்தக் காலத்துலயே அப்படிக் கட்டி வச்சிருக்காக!"

அம்மாவின் முகத்தை அன்றைக்குப் போல நான் பார்த்ததே இல்லை. திருடி அகப்பட்டவள் மாதிரி ஆகிவிட்டது.

ஆச்சி ஒரு அண்டாவைச் சாய்த்துப் பார்த்தார். எட்டு நாள் தண்ணீரில் பித்தளை பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அதைவிட அவரைக் கலங்கடித்தது இன்னொன்று. ஐந்து பங்குச் சாமானும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தது. "இதைப் பிரிக்கிறதுக்கு எங்க மாமனார் காலத்துல எத்தனை பஞ்சாயத்து நடந்துச்சு தெரியுமா? ஒரு கரண்டி இடம் மாறினாலும் கல்யாணத்துல மானம் போயிரும். எல்லாத்தையும் விளக்கி, பங்கு பங்காப் பிரிச்சு அடுக்குங்க. கல்யாணம் முடியட்டும். தை முடிஞ்சதும் வேற இடம் பாத்துக்கங்க" என்றார். என் பரீட்சையைப் பற்றி அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஆச்சி காதில் வாங்காமல் காருக்குப் போய்விட்டார்.

நான் அன்றைக்கு அம்மாவைப் பேசிய பேச்சு இருக்கிறதே, நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. "உன் தண்ணிப் பைத்தியத்துல என் பரீச்சை போச்சு. இனிமே நானும் செங்கல் தூக்குறேன், சந்தோசமா?" என்று கத்தினேன். அம்மா ஒவ்வொரு பாத்திரமாக நகர்த்திக்கொண்டுபோய், அந்த மூலைத் துவாரத்தின் வாயிலேயே சாய்த்து ஊற்றினாள். ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை. ஊருணிக்குப் போகட்டும் என்று.

மறுநாளிலிருந்து விளக்கும் வேலை. அம்மா புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பாள். அப்பா தண்ணீர் ஊற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை தொடங்கும். பங்கு பிரித்த காலத்திலேயே ஒவ்வொரு சாமானிலும் எழுத்து வெட்டி வைத்திருந்தார்கள். முதல் எழுத்துகள் எல்லாருக்கும் ஒன்றுதான், கடைசி எழுத்து பங்குக்குப் பங்கு வேறு. ஆச்சி பங்குக்கு 'ந', அவருடைய ஓரகத்தியின் கடைசிப் பங்குக்கு 'கு', இப்படி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். நான் படித்துச் சொல்வேன், அவர்கள் அந்த வரிசையில் கொண்டுபோய் வைப்பார்கள். மார்கழி பிறந்த பிறகும் முடியவில்லை. அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் புளியில் வெந்து தோல் உரிந்தது.

கடைசியாக மிஞ்சியது அந்த உருளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த கரியைத் தேங்காய் நாரால் அம்மா தேய்த்தாள். எத்தனை கல்யாண அடுப்பின் கரியோ, கட்டிதட்டிப் போயிருந்தது. யாரும் அதுவரை அடியைத் தேய்த்ததே இல்லை போலும். கரி போகப் போக எழுத்து தெரிந்தது. கடைசி எழுத்து 'கு'.

ஆச்சி பொய் சொல்லவில்லை. தன்னுடையது என்றே நம்பியிருக்கிறார். எப்போதோ ஒரு சமையல் முடிந்து அவசரத்தில் அடுக்கும்போது வரிசை மாறியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. மார்ச் மாதப் பரீட்சைதான் கண் முன்னால் நின்றது. கல்யாணத்துக்கு வரும் ஆச்சி எல்லாம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மனம் குளிர்ந்தால், காலில் விழுந்தாவது இரண்டு மாதம் கேட்கலாம். இந்த உருளி மட்டும் எதிரி வரிசையில் இருப்பதைப் பார்த்தார் என்றால் அன்றைக்கே வெளியே போகச் சொல்லிவிடுவார்.

"யாரு பங்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஆச்சி பங்கு" என்றேன்.

அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, ஆச்சி வரிசையில் பழைய இடத்திலேயே வைத்தார்கள். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஐந்து வரிசையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நூத்துக்கு மேல சாமான். ஒண்ணு மாறியிருக்காது பாரு. எம்மக எழுத்துப் பாத்துச் சொன்னதாக்கும்" என்றார். அம்மா நகக்கண்ணில் இருந்த புளியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. இந்த எழுத்துக்காகத்தான் மிளகாய்க் காட்டை விட்டுவிட்டு இந்த மனிதர் விளக்குமாறு பிடிக்கிறார். அதை வைத்து நான் அவரையே ஏமாற்றியிருக்கிறேன். ஓவென்று அழுதுவிட்டேன். "அந்த உருளி ஆச்சியோடது இல்ல. கடைசிப் பங்கு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

அம்மா ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரி, ஒரு கை பிடி. அங்குட்டு எடுத்து வைப்போம்" என்று எழுந்தாள்.

மூன்று பேரும் சேர்ந்து உருளியைக் கடைசி வரிசைக்கு மாற்றினோம். "அப்ப தையோட கிளம்ப வேண்டியதுதான்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே ஐந்து பங்காளிகளும் வந்து இறங்கிவிட்டார்கள். ஆச்சி நேராகச் சாமான் அறைக்கு வந்தார். தன் வரிசையில் முதல் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"உருளி எங்க?"

"எழுத்துப் பாத்து வச்சிருக்கு ஆச்சி. அந்தா, கடைசி வரிசையில" என்றாள் அம்மா. குரலில் நடுக்கம் இல்லை.

ஆச்சி அப்பாவிடம் அதைக் கவிழ்க்கச் சொன்னார். குனிந்து, விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். அதற்குள் வாசலில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். அந்த ஓரகத்திதான். ஒல்லியான அம்மாள், கையில் வெற்றிலைப் பெட்டி.

"பத்து வருசம் நான் கத்துனேன். இப்பயாச்சும் தெரிஞ்சுச்சா?" என்றார் அவர்.

ஆச்சி எழுத்தின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்த அம்மாள்தான் மறுபடியும் பேசினார். "சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. நம்ம புள்ள கல்யாணம். பாயசம் இதுலதான் வைக்கணும், சொல்லிட்டேன்." ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பாயசம் அதில்தான் வைத்தார்கள். நாங்கள் நான்கு பேரும் பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

தை கடைசியில் மூட்டைகளைக் கட்டிவிட்டோம். நான்கு குடங்களும் கயிறு கட்டித் தயாராக இருந்தன. சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆச்சியிடம் அப்பா சாவிக்கொத்தை நீட்டினார்.

"எங்க கிளம்பிட்டீக?" என்றார் ஆச்சி.

"தை முடிஞ்சதும் போகச் சொன்னீகளே ஆச்சி."

"நான் சொன்னேன். மத்த நாலு பேரும் விட மாட்டேங்கிறாக. என் வரிசையில இருந்ததையே எடுத்து மாத்தி வச்ச ஆளுக, இவுகளை விட்டா இந்த வீட்டுக்கு யாரு கிடைப்பாகன்னு என் ஓரகத்தி குதிக்கிறா. அஞ்சு பங்கும் ஒத்துக்கிட்ட ஒரே விசயம் இந்த வீட்டுல இதுதான். சாவியை உள்ள வைங்க." காரில் ஏறும்போது என்னைப் பார்த்து, "நீதான் படிச்சுச் சொன்னியாமே. பரீச்சையை ஒழுங்கா எழுது" என்றார்.

எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்பும் அந்த வீட்டின் வளவில் உட்கார்ந்துதான் படித்தேன். கல்லூரிக்கும் அங்கிருந்தே போனேன். இன்றைக்கு அம்மாவும் அப்பாவும் அதே ஊரின் ஓரத்தில், இரண்டு அறையுள்ள சொந்த வீட்டில் இருக்கிறார்கள். மழை பெய்தால் அம்மா இப்போதும் குடத்தை வைப்பாள். ஐந்து பங்குக்காரர்களும் ஊருக்கு வந்தால் அப்பாவைப் பார்க்காமல் போவதில்லை. பஞ்சம் பிழைக்க வந்தோம். தலை குனியாமல் பிழைத்தோம். அதை எந்த ஆசிரியர் அறையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியாமலே இருந்தது. போன தீபாவளிக்கு முன்னால் அம்மா என் வீட்டுக் குத்துவிளக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், "அன்னைக்கு நான் மாத்திச் சொன்னதை நீ அப்படியே நம்பிட்டியேம்மா" என்றேன்.

"யாரு நம்புனா?" என்றாள் அம்மா, தேய்ப்பதை நிறுத்தாமல். "எழுத்துத்தான் தெரியாது, கண்ணு தெரியும்ல. ஒன்றரை மாசமா தேச்சிருக்கேன். எந்தச் சுழி எந்த வரிசைக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா தூக்கிட்டுப் போய் அங்க வச்ச? நான் சொல்லாம இருந்திருந்தா?"

அம்மா விளக்கைத் தண்ணீரில் அலசினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கயேதான் இருந்திருக்கும்" என்றாள். "உன் பரீச்சையாச்சே."